கேட்காமல் இடம் சொன்னவர்

என் மாமாவின் காப்பி கிளப்பில் நான் கல்லாவில் உட்கார்ந்திருந்த காலத்தில் வாசலில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பெயர் இருந்திருக்கும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கிழவர்கள் உட்பட எல்லாருக்கும் அவர் ‘வாசலண்ணே’தான். அறுபது வயதுக்காரர் நாற்பது வயதுக்காரரை அண்ணே என்று கூப்பிட மதுரையில் கூச்சப்பட மாட்டார்கள்.

கிளப் மேலமாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. சுத்த சைவம். காலையில் இட்லியும் பொங்கலும், மாலையில் ஏதாவது பலகாரம், எந்நேரமும் காப்பி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அந்தச் சந்துக்கே காப்பிக் கொட்டை வறுபடும் வாசனை ஒட்டிக்கொண்டிருந்தது. கடைக்குள் மூன்று இடங்கள் இருந்தன. உள்கூடம் உயர்ந்த சாதி என்று சொல்லிக்கொண்டவர்களுக்கு. வாசலை ஒட்டிக் கூரை இறக்கிய முன்பத்தியில் போட்டிருந்த பெஞ்சுகள் ‘பரவாயில்லை’ என்ற ரகத்துக்கு. முஸ்லிம் வியாபாரிகளும் கிறிஸ்தவர்களும் அங்கேதான். பின்புறம் சாக்கடையை ஒட்டி ஒரு ஜன்னல் உண்டு. அது சேரிக்காரர்களுக்கு.

அந்த ஜன்னலுக்கு வெளியே பெஞ்சு கிடையாது, மேலே கூரையும் கிடையாது. டம்ளரைத் தரமாட்டார்கள். காப்பி வேண்டும் என்றால் கொட்டாங்கச்சி கொண்டுவர வேண்டும். தண்ணீர் வேண்டும் என்றால் தரையில் குந்தி, இரண்டு கைகளையும் குவித்து வாயருகே வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். உள்ளேயிருந்து ஒருவன் தொடாத உயரத்தில் நின்று ஊற்றுவான். ஆள் வராத நாட்களில் நானும் ஊற்றியிருக்கிறேன். இதையெல்லாம் அன்றைக்கு யாரும் கொடுமை என்று பேசிக்கொள்ளவில்லை. நல்ல கிளப் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று மாமா பெருமையாகச் சொல்வார்.

கூட்டமில்லாத நேரத்தில் வாசலண்ணே உள்கூடத்தில் இலை போட்டுத் தண்ணீர் தெளிப்பார். ஆனால் வருகிறவர்களில் யார் எங்கே என்று பிரிப்பதுதான் அவருடைய முக்கிய வேலை. அதற்கு அவரிடம் மூன்று வாக்கியங்கள் இருந்தன. “உள்ள வாங்கய்யா.” “இங்கன உக்காருங்க.” “பின்னால போ.” மரியாதை படிப்படியாக இறங்கி மூன்றாவதில் ஒன்றுமில்லாமல் போய்விடும். வந்தவன் வாயைத் திறப்பதற்குள் இந்த மூன்றில் ஒன்று அவனுக்குக் கிடைத்துவிடும். நீ யார், எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று அவர் யாரையும் கேட்டதே இல்லை.

“கேட்டா என்ன ஆகும் தெரியுமா தம்பி?” என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். “யோசிக்க அவனுக்கு நேரம் குடுத்தாப்ல ஆயிரும். செருப்ப எங்க கழட்டுறான்னு பாரு, போதும். சில ஆளு படியில கழட்டுவான். சில ஆளு சந்து முனையிலயே குனிஞ்சு கையில எடுத்துக்கிருவான். எந்தத் தெருவுல செருப்போட நடக்கக் கூடாதுன்னு சின்னப் பிள்ளையிலயே அடிச்சுச் சொல்லியிருப்பாங்கள்ல, அது லேசுல போகாது. வாயி பொய் சொல்லும். முதுகு சொல்லாது.”

இந்த வித்தையை ரசித்தவர்கள் நிறையப் பேர். பெரிய வீட்டுக் கல்யாணங்களுக்கு அவரைப் பந்தி பார்க்கக் கூப்பிட்டுக்கொண்டு போவார்கள். எந்தப் பந்தியில் யாரை உட்காரவைப்பது, யாருக்குப் பந்தலில் இடம், யாருக்கு வெளியே இலை என்று ஒரு சச்சரவில்லாமல் முடித்துக் கொடுப்பார். எனக்கோ அவர் பக்கத்தில் நிற்கவே உடம்பு கூசும். என் முதுகைப் பார்த்து என்ன கண்டுபிடித்து வைத்திருக்கிறாரோ என்றிருக்கும்.

ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவர் வருவார். கால்சட்டை, தொப்பி, வாயில் இங்கிலீஷ். நிறம் என்னைவிட ஒரு பிடி கறுப்பு. தன் பாட்டனார் அசல் வெள்ளைக்காரர் என்று சொல்லிக்கொள்வார். அவர் முதல்முறை வந்தபோது பாதிப் பேர் துரை என்று எழுந்து நின்றார்கள், மீதிப் பேர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். வாசலண்ணே சலனமே இல்லாமல் முன்பத்தியில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டார். பெஞ்சில் உட்காரவைத்திருக்கலாமே என்று பிறகு கேட்டேன்.

“அவரு தொப்பியக் கழட்டுனப்ப நம்மள ஒருத்தரையும் பாக்கல. சுவத்துல வெள்ளைக்கார ராசா படம் இருக்குல்ல, அதைப் பாத்துக் கழட்டுனாரு. அந்த ஆளுக்குக் காப்பி கூட வேணாம், நாற்காலி வேணும். நம்ம கூட ஒரே பெஞ்சுல உக்கார வச்சா அன்னைக்கே செத்துருவாரு.”

அத்தர்க் கடை வைத்திருந்த பாய் ஒருவர் மட்டும் அவரை விடாமல் சீண்டுவார். “வாசலண்ணே, ஒரு நாளைக்கு என்னை உள்ள உக்கார வச்சுத்தான் பாருங்களேன். உங்க கூரை விழுந்துச்சுன்னா நான் புதுசா போட்டுத் தாரேன், இன்ஷா அல்லா.”

“கூரை விழுகாது பாய். யாவாரம் விழுந்துரும்” என்பார் இவர். பாய் தொடையைத் தட்டிச் சிரிப்பார். வாசலண்ணே சிரித்து நான் பார்த்த நாட்கள் குறைவு.

ஒரே ஒருமுறை அவர் திணறிப் போனார். பெண்கள் பள்ளிக்கூடங்களைச் சோதனை பார்க்க வந்த ஓர் அம்மாள், கையில் குடை, காலில் பூட்ஸ், கூட ஆண் துணை இல்லாமல் நேராக வாசலில் வந்து நின்று காப்பி வேண்டும் என்றார். பெண்கள் கிளப்புக்குள் வருகிற வழக்கமே கிடையாது. வாசலண்ணே அந்த அம்மாளின் காலைப் பார்த்தார், குடையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். மூன்று வாக்கியங்களில் எதுவும் வாயில் வரவில்லை. கடைசியில் சரக்கறையில் மிளகாய் மூட்டைக்கும் வெங்காய மூட்டைக்கும் நடுவே ஒரு நாற்காலியைப் போட்டார். அந்த அம்மாள் காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, “இது எந்தச் சாதிக்காரங்க உக்காருற இடம்?” என்று கேட்டார்.

“வெங்காயம் உக்காருற இடந்தாம்மா” என்றார் வாசலண்ணே. “பொம்பள ஆளு தனியா வந்தா உக்காருறதுக்குன்னு இந்த ஊர்ல யாரும் இடம் போட்டு வைக்கல. நான் என்ன செய்ய?” அந்த அம்மாள் கண்ணில் நீர் வரச் சிரித்தார். இவர் தலையைக் குனிந்துகொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

இவ்வளவும் கேட்டால் அவர் ஏதோ வேடிக்கையான மனிதர் என்று தோன்றும். அப்படி இல்லை. ஓர் ஐப்பசி மழையில், கிராமத்திலிருந்து தலைச்சுமையோடு வந்த ஒரு கூலிக்காரனும் அவன் பெண்டாட்டியும் முன்பத்திக் கூரையின் கீழ் ஒதுங்கினார்கள். அவள் நிறைமாதம். இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

“பின்னால போ.”

“மழைங்க சாமி. இவளுக்கு மாசம் ஆகிப்போச்சு. செத்த நேரம் நின்னுட்டுப் போயிர்றோம்.”

“பின்னால போன்னு சொன்னேன்ல!” சந்தே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். இரண்டு பேரும் கூரையில்லாத ஜன்னலுக்கு நனைந்துகொண்டே போனார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. “நீங்க மனுசன்தானாண்ணே? ஈரமே இல்லையா?” என்று கேட்டே விட்டேன்.

“ஈரம் இருந்தா இந்த வாசல்ல நிக்க முடியாது தம்பி” என்றார். நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் ருத்ராட்சம், சலவை வேட்டி. அந்தக் கோலத்தைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. பின்ஜன்னல் பக்கம் அவர் காலெடுத்து வைத்ததே இல்லை என்பதும் என் நினைவில் இருந்தது. தண்ணீர் ஊற்றுகிறவன் வராவிட்டால் என்னை அனுப்புவாரே தவிர, தான் போகமாட்டார். பிறந்த சாதித் திமிர் உடம்பெல்லாம் ஊறிய ஆள் என்று முடிவு கட்டிவிட்டேன். அவர் எந்த ஊர், கல்யாணம் ஆனவரா, சொந்தபந்தம் உண்டா என்று யாருக்கும் தெரியாது. கிளப்பிலேயே படுத்துக்கொள்வார். ஊருக்குப் போய்வாரேன் என்று ஒரு தீபாவளிக்குக் கூட அவர் சொன்னதில்லை.

அடுத்த கோடைத் தொடக்கத்தில் ஓர் இளைஞர் வந்தார். பஞ்சாலை ஒன்றின் ஆபீசில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர். மூக்குக் கண்ணாடி, வெள்ளை ஜிப்பா, படிய வாரிய தலை. கல்லாவிலிருந்து பார்த்தால் சந்து முனை தெரியும். அவர் அந்த முனையில் ஒரு நொடி நின்றார். செருப்புக்குக் கை போகிற மாதிரி லேசாகக் குனிந்தார். சட்டென்று நிமிர்ந்து, செருப்புக் காலோடு நடந்து வந்து படியில் கழற்றினார்.

வாசலண்ணே சொல்லிக் கொடுத்ததே இதுதானே! இப்போது “பின்னால போ” என்று கத்தப் போகிறார், இந்தப் பிள்ளை எல்லார் முன்னாலும் கூனிக் குறுகப் போகிறது என்று காத்திருந்தேன்.

“உள்ள வாங்கய்யா” என்றார் வாசலண்ணே.

அவர் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்தேன். எவ்வளவு கெட்டிக்காரனுக்கும் ஒருநாள் கண் தப்பும். நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்தத் தம்பி தினமும் காலையில் வந்து உள்கூடத்தில் உட்கார்ந்து எழுந்து போகும்வரை எனக்கு இருப்புக் கொள்ளாது.

பயத்துக்குக் காரணம் மேலூரார். மேலூர்ப் பக்கம் பெரும் நிலம் வைத்திருந்தவர், நகரத்தில் நெல் மண்டியும் வைத்திருந்தார். காலைப் பலகாரம் எங்கள் கிளப்பில்தான். உள்கூடத்தில் சுவரோரப் பெஞ்சு அவருடையது. முன்பத்தியில் அவருடைய ஆட்கள் இரண்டு பேர் எப்போதும் இருப்பார்கள். தன் ஊரில் தெருவில் செருப்போடு நடந்த ஒரு பையனைப் புளியமரத்தில் கட்டிவைத்து உரித்த கதையை, பொங்கலில் நெய்யை விட்டுப் பிசைந்தபடியே சொன்ன ஆள் அவர். சேரிப் பிள்ளை ஒருவன் தன் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டான் என்று தெரிந்தால் என்ன செய்வார் என்று யோசிக்கவே எனக்குப் பயமாக இருந்தது. அந்தத் தம்பிக்கு வேலை போவதோடு நிற்காது. உயிரோடு சந்து முனையைத் தாண்டுவதே சந்தேகம்.

மேலூராருக்கும் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும்.

“தம்பிக்கு எந்த ஊரு?”

“திண்டுக்கல் பக்கங்க.”

“பக்கம்னா எம்புட்டுப் பக்கம்?”

“கிட்டத்துலதாங்க.”

“யாரு வீட்டுப் பிள்ள? உன் மூஞ்சிய மேலூர்ச் சந்தையில பாத்தாப்ல இருக்கே.”

இந்த இடத்தில் வாசலிலிருந்து, “ஐயாவுக்குச் சூடா ஒரு பொங்கல் போடுறா!” என்று ஒரு குரல் வரும். பேச்சு அறுந்துவிடும். மறுநாள் இதே கேள்வி வேறு உருவத்தில் வரும். மறுபடியும் வாசலண்ணே சட்னி கேட்பார், விசிறி கேட்பார், மண்டி வண்டி வந்துவிட்டது என்பார். இதைத் தற்செயல் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

சித்திரைத் திருவிழா வந்தது. அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள். அழகர்கோவில் வழியில் இருக்கும் ஊர்களெல்லாம் மதுரைக்குள் வந்து இறங்கியிருந்தன. வெயில் மண்டையைப் பிளந்தது. கழுவிக் கழுவிப் போட்டும் டம்ளர் போதவில்லை. உள்கூடத்தில் சப்ளை பார்த்த பையன் பெரிய கூஜாவோடு அலைந்தான். சிலர் கூஜாவைக் கையில் வாங்கி அண்ணாந்து குடித்தார்கள், சிலர் டம்ளர் வரட்டும் என்று காத்திருந்தார்கள்.

தம்பி தன் வழக்கமான இடத்தில், மேலூராருக்கு எதிர்ப்பெஞ்சில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மிளகைக் கடித்தாரோ என்னவோ, புரையேறிவிட்டது. இருமல் நிற்கவில்லை. கண்ணாடி நழுவி இலையில் விழுந்தது. முகம் சிவந்து மூச்சுத் திணறியது. “தண்ணி, தண்ணி!” என்று நாலு பேர் கத்தினார்கள். சப்ளைக்காரன் ஓடிவந்து, கையில் கொடுக்கக் கூடத் தோன்றாமல், நின்ற நிலையில் கூஜாவைச் சாய்த்தான்.

தம்பி பெஞ்சிலிருந்து சரிந்து இறங்கினார். தரையில் குந்தினார். தலையைக் குனிந்து, இரண்டு கைகளையும் குவித்து வாயருகே வைத்துக்கொண்டார். தண்ணீர் கைக்குள் விழுந்தது.

கூடத்தில் எல்லாக் கைகளும் இலையிலேயே நின்றுவிட்டன. தம்பிக்கு இருமல் நின்றபோதுதான் தான் எப்படி உட்கார்ந்திருக்கிறோம் என்பது தெரிந்திருக்கும். குவித்த கையைப் பிரிக்கவும் முடியாமல் எழுந்திருக்கவும் முடியாமல் அப்படியே இருந்தார். விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

“அடேயப்பா!” என்றார் மேலூரார். வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு மெதுவாக எழுந்தார். “திண்டுக்கல் பக்கம்னுல்ல சொன்னாப்ல.”

முன்பத்தியிலிருந்த அவருடைய ஆட்கள் இரண்டு பேரும் கூடத்தின் வாசற்படிக்கு வந்துவிட்டார்கள். நான் கல்லாவை விட்டு எழுந்தேன். எழுந்து என்ன செய்வது என்று தெரியவில்லை.

அப்போது வாசலண்ணே உள்ளே வந்தார். கூட்ட நேரத்தில் அவர் வாசலை விட்டு அசைந்து நான் பார்த்ததில்லை. அந்த இரண்டு பேரையும் விலக்கிக்கொண்டு வந்து, வேட்டியை ஒதுக்கி, தம்பிக்குப் பக்கத்தில் அவரும் தரையில் குந்தினார். கைகளைக் குவித்தார்.

“எனக்கும் ஊத்துறா. இந்த வெயில்ல டம்ளருக்குக் காத்துக்கெடந்தா நாக்கு வறண்டுல்ல போகும்.”

சப்ளைக்காரன் முழித்துக்கொண்டே ஊற்றினான். வாசலண்ணே குடித்தார். நிறுத்தாமல் குடித்தார்.

பின்ஜன்னலில் தண்ணீர் ஊற்றியவன் நான். பழக்கமில்லாதவன் கையில் வாங்கிக் குடித்தால் முழங்கை வரை நனைவான், மார்பு நனையும். ஊற்றுகிறவன் முகத்தை அண்ணாந்து பார்ப்பான். வாசலண்ணேயின் குதிகால் தரையில் பதிந்திருந்தது. முழங்கை விலாவோடு ஒட்டியிருந்தது. கண் மண்ணைப் பார்த்தது. ஒரு சொட்டு கீழே சிந்தவில்லை. பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவனுக்கு இது வராது. பேசத் தெரியாத வயதிலிருந்து இப்படிக் குடித்தவனுக்குத்தான் வரும். விபூதிக்கும் ருத்ராட்சத்துக்கும் கீழே இருந்தவர் யார் என்று எனக்கு அந்த நிமிடத்தில் தெரிந்தது. பின்பக்கம் அவர் ஏன் போகவில்லை என்பதும் தெரிந்தது. அங்கே வருகிறவர்களில் எவன் எப்போது அவர் முகத்தை அடையாளம் கண்டு, ‘நீ இன்னார் மகன்ல?’ என்று கேட்பானோ.

நான் கண்டதை மேலூரார் காணாமல் இருப்பாரா? தலைமுறை தலைமுறையாக ஆட்களைக் குந்தவைத்துத் தண்ணீர் ஊற்றிய குடும்பம். அவர் பார்வை தம்பியை விட்டு வாசலண்ணே மேல் போயிற்று. அங்கேயே நின்றது.

வாசலண்ணே எழுந்து துண்டால் வாயைத் துடைத்தார். “ஐயா ஏன் எந்திரிச்சுட்டீங்க? பொங்கல் வாய்க்கு ஒத்துக்கலயா?”

“நீ எந்த ஊரு ஆளு?”

அந்தக் கூடத்தில் யாரும் அவரைக் கேட்டிராத கேள்வி. வாசலண்ணே அவசரப்படவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“நான் சொல்லுறதென்னங்கய்யா, நீங்களே பாத்துச் சொல்லுங்க. இத்தனை வருசமா உங்க எலைக்குத் தண்ணி தெளிச்சது நான். உங்க மக கல்யாணத்துல உங்க வீட்டு நடுக்கூடத்துல நின்னு பந்தி பாத்தது நான். சமையக்கட்டுக்குள்ள போயி சோத்து அண்டாவ எறக்கி வச்சதும் நான். சம்பந்தி வீட்டு ஆளுகளெல்லாம் அதைத்தான் சாப்பிட்டாக. நான் யாருன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. எல்லாரும் கேட்டுக்கிடட்டும்.”

மேலூரார் மீசை துடித்தது. வாய் திறந்தது. அவர் சொல்ல வேண்டியது ஒரு சொல்தான். அதைச் சொன்னால் வாசலண்ணே செத்தார். ஆனால் அந்தச் சொல் அங்கே நிற்காது. மேலூராரின் இலையில் விழும், நடுக்கூடத்தில் விழும், சோற்று அண்டாவில் விழும், சம்பந்தி வீடு வரை போகும். மகளை அவர்கள் எந்த வண்டியில் திருப்பி அனுப்புவார்கள் என்பது வரை அவர் அந்த நேரத்தில் யோசித்திருப்பார் என்று நினைக்கிறேன். கூடத்தில் இருந்த மற்றவர்களும் மூச்சு விடாமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இலைக்கும் அதே கைதானே தண்ணீர் தெளித்தது!

மேலூரார் உட்கார்ந்தார். “காப்பி கொண்டாடா” என்றார். குரல் பிசிறியது. வாசற்படியில் நின்ற ஆட்களைப் பார்த்து, “இங்க என்னடா வேடிக்கை? மண்டிக்குப் போங்க” என்று எரிந்து விழுந்தார்.

தம்பி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது முகத்தில் ரத்தமில்லை. என் கல்லாவின் அருகே வாசலண்ணே அவரை நிறுத்தினார்.

“நாளைக்கு வரணும்.”

“நான் எப்படிண்ணே வருவேன்? இன்னைக்கே ஊரை விட்டுப் போறேன்.”

“ஓடுறவனத்தான் துரத்துவாங்க. நாளைக்கு நீங்க வரலைன்னா, ஏன் வரலைன்னு பேச்சு வரும். பேச்சு வந்துச்சுன்னா ரெண்டு பேரும் செத்தோம். இதே நேரம் வரணும்.”

தம்பி அவரையே பார்த்தார். “உங்களுக்கு மொதல்லயே தெரியுமாண்ணே?”

“சந்து முனையிலயே தெரியும்.”

அன்று மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும் நான் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். “அப்ப அந்த மழைக்கு ஒதுங்கினவுகள ஏண்ணே அப்படி விரட்டுனீங்க? அவுகளும் உங்க ஆளுகதானே?”

வாசற்படியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தார். “வெள்ளை ஜிப்பாவும் கண்ணாடியும் போட்டு வாரவன உள்ள விட்டா எனக்குக் கண்ணு தப்பிருச்சுன்னு சொல்லிக்கலாம். கந்தையக் கட்டிட்டு வாரவன விட்டா என்னன்னு சொல்ல? என்னைப் பாப்பாங்க தம்பி. நான் உள்ள விட்ட ஒவ்வொருத்தனையும் திரும்பப் பாப்பாங்க.” பிறகு, “அந்தப் பிள்ளைக்குப் பிரசவம் எப்படி ஆச்சோ” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒவ்வொருத்தனையும் என்றாரே, அப்படி எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயம். அவர் மேல் எனக்கு அந்த நேரத்தில் பொங்கிக்கொண்டு வந்த பிரியம் உண்மை. அந்த நிறைமாதக்காரி நனைந்துகொண்டு போனதை மன்னிக்க முடியாததும் உண்மை. இன்றுவரை இந்த இரண்டில் ஒன்று மற்றொன்றைக் கரைக்கவில்லை.

மறுநாள் காலை மேலூரார் முன்னதாகவே வந்துவிட்டார். வயிற்றுக்குச் சேரவில்லை, வைத்தியர் சொன்னார் என்று வீட்டிலிருந்தே ஒரு கூஜாவில் தண்ணீர் கொண்டுவந்திருந்தார். எங்கள் அரிசியில் எங்கள் தண்ணீரில் வெந்த பொங்கலை எதிரே வைத்துக்கொண்டு, அந்தக் கூஜாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கண் சந்து முனையிலேயே இருந்தது. தம்பி வர வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. வாசலண்ணே யாரோ இரண்டு பேரை இடம் சொல்லாமலே உள்ளே விட்டுவிட்டார். அவர்கள் நடுவில் நின்று முழித்தார்கள்.

பிறகு தம்பி வந்தார். முனையில் நிற்கவில்லை. நேராகப் படியேறி, கூடத்துக்குள் போய், காலியாக இருந்த ஓரப் பெஞ்சுகளை விட்டுவிட்டு, மேலூராருக்கு எதிரே உட்கார்ந்தார். “ஒரு பொங்கல்” என்றார். எல்லாருக்கும் கேட்டது. மேலூராரின் கை இலையில் நின்றது. எழுந்துபோனால் ஏன் என்று கேட்பார்கள். நாலைந்து பேர் நிமிர்ந்து அவரையே பார்த்தார்கள். அவர் குனிந்து சாப்பிட ஆரம்பித்தார்.

சாப்பிட்டு முடித்துக் கல்லாவுக்கு வந்த மேலூரார், முழங்கையை மேசையில் ஊன்றிக் குனிந்தார். நெய் வாசனையோடு அவர் மூச்சு என் முகத்தில் பட்டது.

“ஒங்க மாமாகிட்டச் சொல்லு. வாசலுக்கு வேற ஆளப் போடச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு.”

மாமா அவர் பேச்சைத் தட்டமாட்டார். நான் சொன்னால் சாயங்காலத்துக்குள் வாசலண்ணே தெருவில் நிற்பார். தெருவில் தனியாக அகப்பட்டால் என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

“சொல்லுறேன்யா” என்றேன். “எதுக்குன்னு மாமா கேப்பாரு. என்ன காரணம்னு சொல்லட்டும்?”

மேலூரார் என்னை முறைத்தார். அவருக்குப் பின்னால் மூன்று பேர் காசு கொடுக்கக் காத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களும் காரணத்தைக் கேட்கத் தயாராக இருந்தார்கள். வாசலில் வாசலண்ணே எங்களுக்கு முதுகைக் காட்டியபடி யாரையோ உள்ளே அழைத்துக்கொண்டிருந்தார். மேலூரார் அந்த முதுகைப் பார்த்தார். வாயைத் திறந்தார். பிறகு தன் கூஜாவை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனார்.

மறுநாள் காலையும் பொங்கலுக்கு வந்தார்.